அசுரனுக்கு அழும் அக்கரைப் பெண்கள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எதனால் என்கிறீர்கள்? ஒரு கூத்தால்.

இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே ஓர் ஆறு. பங்குனியில் அது வற்றியதும், இரு நாட்டாரும் நடுமணலில் சேர்ந்து அசுரவதக் கூத்து ஆடுவார்கள். ஒரு வருஷம் இக்கரை ஆள் அசுரன், அக்கரை ஆள் வீரன், மறுவருஷம் மாற்றிக்கொள்வார்கள். அசுரன் செத்து விழுந்ததும் எதிர்க்கரைப் பெண்கள்தான் அவனுக்கு ஒப்பாரி வைப்பார்கள். தன் மனிதர் உயிரோடு இருக்கையில் எந்தப் பெண் அவருக்காக மாரடித்து அழுவாள்? அதனால் அப்படி ஓர் ஏற்பாடு.

போன வருஷம் அசுரனாகச் செத்தவன் அரண்மனை விகடகவி அம்பலவாணன். ஊரே அவனைக் கொண்டாடியது தளவாய் வீரபாகுவுக்குப் பொறுக்கவில்லை. ராஜாவின் காதைக் கடித்தார்.

“அரசே, நம் ஆள் அவர்கள் காலடியில் மண்ணைக் கவ்வினான். நமக்கு இது அவமானம் அல்லவா?”

ராஜா உடனே ஆணையிட்டார். “இனி கூத்தில் நம் நாட்டார் மட்டுமே இருக்க வேண்டும். அக்கரையார் வேஷத்தோடு வந்தால் தலை போகும்!”

அந்தச் செய்தி அக்கரைக்கு எட்டவில்லை. இந்த வருஷத்து அசுரனான மருதையன், வழக்கம்போலத் தன் கரையிலேயே வேஷம் கட்டிக்கொண்டு மணலில் நடந்து வந்தான். காவலர்கள் “யார் நீ?” என்று அதட்டினார்கள். அரிதாரம் பூசிவிட்டால் மேடையேறும் வரை பேசக்கூடாது என்பது கூத்தாடிகளின் விரதம். அவன் வாயே திறக்கவில்லை. “ஒற்றனேதான்!” என்றார் தளவாய். மாலைக்குள் தலையை வெட்டத் தீர்ப்பாயிற்று.

செய்தி கேட்டதும் அம்பலவாணன் எழுந்து ஓடினான். போன வருஷம் தன்னை மரவாளால் கொன்ற சிநேகிதன் அல்லவா அவன்! வேகவேகமாக ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு சபைக்கு வந்தான். அங்கே மருதையன் அரிதாரம் கலையாமல், கைகள் கட்டுண்டு நின்றான்.

“அரசே, ஆணைப்படி எல்லாம் தயார். அசுரன் வேஷத்துக்கு நம் தளவாய். ஒப்பாரிக்கும் நம் நாட்டுப் பெண்தானே வேண்டும்? ஊர்ப் பெண்கள் மறுத்துவிட்டார்கள். ஆகவே தளவாயின் மனைவியாரையே அழைத்து வந்திருக்கிறேன். தளவாய் படுத்துக்கொண்டால் அம்மையார் ஆரம்பிக்கலாம்.”

“நல்லாயிருக்கே நியாயம்!” என்று அந்த அம்மாள் சீறினாள். “குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கிற மனுஷனுக்கு ஒப்பாரி வைக்கணுமா? என் தாலி என்னத்துக்கு ஆகும்?”

தளவாய்க்கு வியர்த்துவிட்டது. “அரசே, வேண்டாம். அபசகுனம்” என்றார்.

“அப்படியானால் யார்தான் அழுவது?” என்று ராஜா கேட்டார்.

அம்பலவாணன் மருதையனைக் கைகாட்டினான். “போன வருஷம் நான் செத்துக் கிடந்தேன், அரசே. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவள் போல அழுதவள் இந்த மருதையனின் மனைவி செங்கமலம். இன்று அவளுக்கே நிஜமான அழுகை வரப்போகிறது. நான் எந்த முகத்தோடு போய் ஆறுதல் சொல்வேன்?”

ராஜா தாமே இறங்கி வந்து மருதையனின் கட்டை அவிழ்த்தார். அவன் அப்போதும் பேசவில்லை. கும்பிட்டுவிட்டு நேரே மணலுக்கு நடந்தான். அன்று மேடையில் அவன் போட்ட முதல் கர்ஜனை இரு கரைக்கும் கேட்டது.

“உனக்கு என்ன பரிசு வேண்டும்?” என்று ராஜா விகடகவியைக் கேட்டார்.

“அடுத்த வருஷம் அசுரன் நம் முறை. அந்த வேஷத்தைத் தாங்களே கட்ட வேண்டும்.”

மறு பங்குனியில் மருதையன் மரவாளை ஓங்கினான். ராஜா மணலில் விழுந்தார். தன் புருஷனின் தலையைக் கேட்ட அந்தத் தலையைச் செங்கமலம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நெஞ்சு வெடிக்க அழுதாள். கேட்கக் கேட்க ராஜாவின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்து அரிதாரம் கரைந்தது.

ஒப்பாரிக்கு நடுவே அவள் குனிந்து கிசுகிசுத்தாள்: “அழாதீங்க சாமி. செத்தவங்க அழக்கூடாது.”

செத்த அசுரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். படுத்தபடியே தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் பக்கம் நீட்டினான்.