நாற்பத்தொன்றாம் பக்கம்

ஒரு நாட்டில் புதுக் காய்ச்சல் ஒன்று பரவிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கோப்பு தலைநகருக்குப் புறப்பட்டது.

கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்த கோப்பு அது. பச்சை அட்டை, வெள்ளை நாடா, அறுபது பக்கம். அறுபதையும் சுருக்கினால் ஒரே விண்ணப்பம்தான்: காய்ச்சலை ஆராய அடுத்த ஆண்டும் பணம் வேண்டும், பாதி பல்கலைக்கழகத்துக்கு, பாதி கடலுக்கு அப்பால் கூடவே உழைக்கும் ஓர் ஏழைத் தீவின் சோதனைச்சாலைக்கு. அந்தத் தீவிலிருந்து வந்த மெல்லிய நீலக் கடிதமும் உள்ளே கோர்க்கப்பட்டிருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பணம் வராவிட்டால் சோதனைச்சாலைக் கதவைச் சாத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு அங்கே யாருக்கு என்ன காய்ச்சல் என்று சொல்ல ஆளிருக்காது என்பது அது சுமந்துவந்த சேதி.

ஜனவரி ஐந்தாம் தேதி கோப்பு அலுவலகத்துக்குள் நுழைந்தது. வாசலிலேயே ஒரு தகரத் தட்டில் போட்டார்கள். தட்டுக்குக் காவலாக சானிடைசர் புட்டி நின்றது. முந்தின வருடம் வரை அதை யாரும் சீந்தியதில்லை. இப்போது அமைச்சரே அதன் தலையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார். அந்த மிதப்பு புட்டியின் பேச்சில் தெரிந்தது.

"எங்கேருந்து வர்றே தம்பி?"

"பல்கலைக்கழகத்திலேருந்து வர்றேன் அண்ணே."

"பதினாலு நாள் இங்கேயே கிட. காகிதத்திலே கிருமி ஒட்டிக்கிட்டு வரும்னு மேலிடத்து உத்தரவு."

கோப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, என் நாற்பத்தொன்றாம் பக்கமே அதைப் பத்தித்தான். இந்தக் கிருமி காகிதத்திலே அரை நாள்கூடத் தாங்காது. தீவுக்காரங்க கண்டுபிடிச்சாங்க, எங்க ஆளுங்க சரிபார்த்தாங்க. பிரிச்சுப் பாருங்களேன்!"

"பிரிக்கலாமே. பதினாலு நாள் கழிச்சு."

தட்டின் ஓரத்தில் 'அவசரம்' என்ற ரப்பர் முத்திரை படுத்திருந்தது. "மனசைத் தளர விடாதே. உன் நெத்தியிலே நான் ஒண்ணு போட்டுவிடறேன்" என்றது.

"போட்டா சீக்கிரம் போவேனா?"

"அதைக் கேக்காதே. ரெண்டு வருஷத்துக்கு முன்னே மின்விசிறி ரிப்பேர் தாளுக்கும் நான்தான் போட்டேன். விசிறி இன்னும் திரும்பலே."

பதினைந்தாம் நாள் கோப்பு முதல் மேசைக்குப் போயிற்று. மேசைக்காரர் அட்டையைத் திறந்து, முதல் தாளில் 'பார்க்கப்பட்டது. மேலே அனுப்பலாம்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். பக்கத்தைப் புரட்டவில்லை. இரண்டாம் மேசைக்கு நான்கே எட்டுதான். ஆனால் முதல் மேசைக்காரரின் கை பட்ட கோப்பாயிற்றே? திரும்பவும் தட்டு. திரும்பவும் பதினான்கு நாள்.

மேசைகள் மொத்தம் ஆறு. பெருக்கத் தெரிந்தவர்கள் பெருக்கிக்கொள்ளலாம். அந்த அலுவலகத்தில் யாரும் பெருக்கவில்லை.

நான்காம் முறை தட்டுக்கு வந்தபோது புட்டி நீலக் கடிதத்தைச் சீண்டியது. "நம்ம வீட்டிலேயே ஆயிரம் பேர் படுத்துக் கிடக்கறான். இதிலே ஊரான் தீவுக்கு எதுக்கும்மா பணம்?"

நீலக் கடிதம் கேட்டது: "அந்தக் காய்ச்சல் உங்க நாட்டுக்குள்ளே வந்துச்சே, அது இந்தத் தட்டிலே எத்தனை நாள் கிடந்துச்சு?"

புட்டி சொன்னது: "அது மனுப் போட்டுக்கிட்டு வரலியே."

மார்ச் முப்பதாம் தேதி கோப்பு ஆறாம் மேசையை அடைந்தது. அங்கே செயலர் மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு பழக்கம் உண்டு: படிப்பார்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். "அட கஷ்டகாலமே! இது மூணு மாசமா நம்ம வாசல்லேயேவா கிடந்துச்சு?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போதே இரண்டு ஆணைகள் எழுதினார். ஒன்று: இன்று முதல் எந்தக் காகிதத்துக்கும் பதினான்கு நாள் தனிமை கிடையாது. மற்றது: தீவின் பங்கையும் சேர்த்து முழுப் பணத்தையும் நாளைக்குள் கருவூலம் விடுவிக்க வேண்டும்.

"ஒரு நாள் மிச்சம் இருக்கு! போதும், போதும்" என்று நீலக் கடிதம் படபடத்தது. 'அவசரம்' முத்திரை தன் பலத்தையெல்லாம் திரட்டி இரண்டு ஆணைகளின் மேலும் விழுந்தது. செயலர் நிம்மதியாக எழுந்து, வாசலில் புட்டியின் தலையை ஒருமுறை அமுக்கிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினார்.

உதவியாளர் இரண்டு ஆணைகளையும் எடுத்துவந்து, வழக்கம்போலத் தட்டில் வைத்தார்.

மேசை மேலிருந்து கோப்பு அலறியது. "அண்ணே, முதல் ஆணையைப் பாருங்க! தனிமையே கிடையாதுன்னு எழுதியிருக்கு!"

"அப்படியா? ரொம்ப நல்ல உத்தரவாச்சே" என்றது புட்டி. "ஏப்ரல் பதிமூணாந் தேதி பிரிச்சுப் படிச்சிடறோம்."