காலையிலிருந்து மூடிய கேட்

"மெஷின் என்னைக் கேலி பண்ணுது, டீச்சர்."

சம்பந்தம் இப்படிச் சொன்னபோது அருள்மேரி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஆசிரியை வயதில் இளையவர். சம்பந்தம் வங்கி வேலையை உதறிவிட்டு, தானாகவே கணினி நிரல் எழுதும் இயந்திரம் செய்யக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்தவர்.

"என்ன பண்ணுச்சு, சம்பந்தம் சார்?"

"ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துச்சு."

சர்க்கரை ஆலைக்குள் போகும் ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு கேட். அதை இயக்கும் நிரலுக்கு இன்று வெள்ளோட்டம். சாயங்காலம் மானேஜர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடிக்காவிட்டால் சம்பந்தம் மறுபடியும் வங்கிகளின் படியேற வேண்டியதுதான்.

"நீங்க என்ன கேட்டீங்க?"

"ரயில் வரும்போது கேட் திறந்திருக்கக் கூடாது. இதைத் தர்க்க வாக்கியமா எழுதினேன். எந்தக் கட்டளைக்குப் பின்னால எது வரலாம்னு இலக்கணமும் குடுத்தேன். மெஷின் சின்னதுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாக் கோத்துப் பார்த்து, நிபந்தனைக்குப் பொருந்துற முதல் நிரலைத் தரணும்."

"தந்துச்சா?"

"தந்துச்சு. 'கேட்டை மூடு.' அவ்வளவுதான். திறக்கிற பேச்சே இல்லை."

"நிபந்தனையை மீறுதா?"

"மீறலை. அதான் எரிச்சலா இருக்கு."

மாடி ஜன்னலுக்குக் கீழே கேட் தெரிந்தது. காலையில் அந்த நிரல் மூடியது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலை வளைவு வரை நின்றன.

"ஏங்க, ரயில் வருதா?" முதல் டிராக்டர்காரர் அண்ணாந்து கத்தினார்.

"இல்லைங்க."

"வந்துட்டுப் போயிடுச்சா?"

சம்பந்தம் ஜன்னலைச் சாத்தினார்.

"ஒரு வரி நிரலே கூடாதுன்னு இலக்கணத்தை மாத்திப் பார்த்தேன், டீச்சர்."

"அப்புறம்?"

"'கேட்டை மூடு. கேட்டை மூடு.'"

அருள்மேரிக்குக் கடலை புரையேறியது. தண்ணீர் குடித்தார்.

"சிரிக்காதீங்க. மெஷின்ல கோளாறு எங்கேன்னு சொல்லுங்க. மானேஜர்கிட்ட அதை அப்படியே சொல்லப்போறேன். அதனால உங்க பதில்ல ஒரு வார்த்தைகூடப் பிசகக் கூடாது."

"பிசகவே கூடாதா?"

"கூடவே கூடாது."

அருள்மேரி தலையாட்டினார். இன்னொரு கடலையை எடுத்து உரித்தார்.

சம்பந்தம் காத்திருந்தார். சாத்திய ஜன்னலையும் தாண்டி ஹாரன் சத்தம் வந்தது.

"டீச்சர்?"

கடலைத் தோல் மேசையில் விழுந்தது.

"பதில் கேட்டேனே, டீச்சர்."

அருள்மேரி அவரை நிமிர்ந்து பார்த்தார். இதில் எங்கே பிசகு என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அவ்வளவுதான்.

சம்பந்தத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "பிசகக் கூடாதுன்னுதான் கேட்டேன். அதுக்காக வாயே திறக்காம இருந்தா..."

பாதியில் நின்றார்.

கீழே ஒரு டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அணைத்தார்.

சம்பந்தம் விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டார்.

"ஒரு கடலை குடுங்க, டீச்சர். மெஷின்கிட்ட நான் கேட்க வேண்டியது இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு."