பல்லக்குத் தூக்கிகளும் நாலு வரிசையும்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி வேங்கைநாட்டை குண்டலராயர்னு ஒரு ராஜா ஆண்டாரு. காலையில ஒரு சட்டம் போடுவாரு, மத்தியானம் குழம்புல உப்பு கம்மின்னா அதை மாத்திடுவாரு. அப்படி ஒரு ஆளு.

ஒரு வருஷம் முடக்குக் காய்ச்சல் வந்து ஊரையே புரட்டிப் போட்டுச்சு. காய்ச்சல் மூணே நாள்ல போயிருச்சு. ஆனா மூட்டுவலியும் அசதியும், கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரி, நாலு மாசமாகியும் கிளம்பல.

சபையில சேனாபதி மதங்கன் மீசையை முறுக்கிக்கிட்டு எந்திரிச்சான். "மகாராஜா! வேலைக்கு வர்றவன் குணமானவன். வராதவன் நடிக்கிறவன். ரெண்டே வரிசை. நடிக்கிறவனை எல்லை தாண்டி விரட்டிடுவோம்!"

"அட, சுலபமா இருக்கே!"ன்னாரு ராஜா.

முதல்ல இழுத்துட்டு வந்தது பல்லக்குத் தூக்கி நாகப்பனை. தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். "சாமி, போன மாசம் பாயை விட்டே எந்திரிக்க முடியல. இப்ப கிணத்தடி வரைக்கும் நடக்கேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு, புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு நான் எங்க சாமி போவேன்?"

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுதே!"ன்னான் மதங்கன்.

மந்திரி பூவராகன் மெதுவா இருமினாரு. "சேனாபதி சொன்னா சரிதான் மகாராஜா. இப்ப மலைக்கோயிலுக்குக் கிளம்புறீங்களே, வேலைக்கு வந்திருக்கிற 'குணமான' நாலு பேரே பல்லக்கைத் தூக்கட்டும். திரும்பி வந்து இவனை விரட்டிக்கலாம்."

வழக்கமா மலையில ஓடியே ஏறுற ராஜா, என்னவோ இந்த வருஷம் பல்லக்கு கேட்டிருந்தாரு. பத்தாவது படியில பல்லக்கு சாய்ஞ்சுது. இருபதாவது படியில பின்னாடி தூக்கின மாடன் அப்படியே உட்கார்ந்துட்டான். ராஜா உருண்டு செம்பருத்திச் செடிக்குள்ள போயிட்டாரு.

"டேய், நீ குணமானவன்தானே?"ன்னாரு ராஜா, செடிக்குள்ள இருந்தே.

"இல்லீங்க சாமி. மாசத்துக்கு மாசம் வலி கூடுது. வேலைக்கு வரலேன்னா வீட்டுல அடுப்பு எரியாதே!"

சேனாபதியோட கூடவே நடந்து வந்த மந்திரி சொன்னாரு: "ஒரு தோள் குறையுது. சேனாபதி தினமும் சபைக்கு வர்றாரு, குணமானவரு. ஒரு கை கொடுக்கட்டுமே?"

மதங்கன் பல்லக்குக் கொம்பைத் தூக்கினான். "ஐயோ அம்மா!" அப்படியே விட்டுட்டான். பட்டுச் சட்டைக்குள்ள முழங்கை தேங்கா மாதிரி வீங்கியிருந்துச்சு.

"நாலு மாசமா வாளையே உருவ முடியல மகாராஜா. வெளிய சொன்னா பதவி போயிடும்னு..." தலை குனிஞ்சுட்டான். யாரும் சிரிக்கல.

"ரெண்டு வரிசை பத்தாது மகாராஜா"ன்னாரு மந்திரி. "வேலைக்கு வந்து தேறுறவனும் இருக்கான், வந்து வந்தே மோசமாகுறவனும் இருக்கான். வீட்டுல படுத்திருக்கவங்கள்லயும் அதே ரெண்டு தினுசு. நாகப்பனை ஓய்வா இருக்க விட்டா ரெண்டு மாசத்துல தானா வேலைக்கு வருவான். மாடனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பலேன்னா அப்புறம் எப்பவுமே வரமாட்டான்."

ராஜா தலையில ஒட்டியிருந்த செம்பருத்தியை எடுத்தாரு. "யாரையும் விரட்ட வேண்டாம். படுத்திருக்கவன் வீட்டுக்கு அரண்மனை அரிசி போகட்டும். மோசமாகுறவங்களை வைத்தியர் முதல்ல பாக்கட்டும். மந்திரிக்கு என் முத்துமாலை. மதங்கா, கையில கட்டுப் போட்டுக்கிட்டு நீதான் ஒவ்வொருத்தரையும் கேக்கணும், 'போன மாசத்துக்கு இப்ப எப்படி இருக்குப்பா?'ன்னு. 'ப்பா' முக்கியம்!"

மறுநாள் வைத்தியரைப் பாக்க அரண்மனை வாசல்ல நாலு வரிசை நின்னுச்சு. வேலைக்கு வந்தே மோசமாகுறவங்க வரிசையில, மாடனுக்குப் பின்னாடி யாரோ நொண்டிக்கிட்டே வந்து நின்னாங்க. திரும்பிப் பாத்தா ராஜா!

"கொஞ்சம் நகர்ந்து நில்லுப்பா"ன்னாரு, வீங்கின கணுக்காலைத் தடவிக்கிட்டே. "நான் பல்லக்கு கேட்டது கௌரவத்துக்குன்னா நினைச்ச?"