மரைக்காயர் வீட்டைக் கொடுத்த மாலை

“மக மேல எனக்குக் கோபம் ஒண்ணுமில்ல ஹஸரத். ஆனா வீட்டுல அவளுக்குப் பங்கு போகக் கூடாது.”

ஹபீப் மரைக்காயர் ஒரு செருமல் செருமினார். ஊரில் அவர் செருமினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பள்ளிவாசல் இமாமான ஹஸரத் அவரைவிட இருபது வயது இளையவர். செருமலுக்கு அசையவில்லை.

“நான் மவுத்தாயிட்டா ருகையாவுக்கும் பங்கு உண்டு. மருமகன் வந்து நிப்பான். ‘மாமா வீட்டுல எங்க பங்கு எங்கே?’ம்பான்.” மருமகனின் மூக்குக் குரலை அப்படியே பிடித்தார் மரைக்காயர். “அதான், இப்பவே மகன் தமீமுக்கு ஹிபாவா கொடுத்துடறேன். உயிரோட இருக்கிறவன் தர்ற அன்பளிப்பு. யார் கேக்க முடியும்? சரிதானே?”

“சரியான்னு அப்புறம் கேளுங்க. எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரியுமா?”

“வாயால சொன்னா ஆச்சு.”

“வாங்க, போவோம்.”

மாலை அஸர் தொழுகை முடிந்து இருவரும் மரைக்காயர் வீட்டுக்கு வந்தார்கள்.

“தமீம், இந்த வீட்டை உனக்குக் கொடுத்…”

“வாங்கிக்கிட்டேன் வாப்பா!”

மரைக்காயர் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார்.

ஹஸரத் வாசலில் நின்றபடியே அழைத்தார். “மரைக்காயரே, வெளியே வாங்க.”

“எதுக்கு?”

“நீங்க உள்ளே இருக்கிற வரைக்கும் வீடு உங்க கையிலதான் இருக்கு. கொடுக்கிறவர் வெளியேறணும், சாமானோட. பிறகு சாவியை வாங்கிக்கிறவர் கையில வைக்கணும். அப்பதான் ஹிபா.”

“நான் பொறந்த வீடு ஹஸரத்!”

“கொடுக்கலைன்னா உக்காருங்க.”

மரைக்காயர் எழுந்தார். சொன்ன சொல்லை மாற்றினால் மரைக்காயர் இல்லையே.

சாய்வு நாற்காலி தெருவுக்கு வந்தது. வெற்றிலைப் பெட்டி வந்தது. தமீம் ஓடி ஓடித் தூக்கினான்.

“வாப்பா, இந்தத் தலையணையும் உங்களதுதான்!”

“வாப்பா, செருப்பை மறந்துட்டீங்க!”

இவ்வளவு சுறுசுறுப்பு மகனிடம் உண்டென்று மரைக்காயருக்கு அன்றுதான் தெரிந்தது. ‘நீங்க இங்கேயே இருங்க வாப்பா’ என்ற ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“அவ்வளவுதான் வாப்பா. உள்ளே ஒண்ணுமில்ல.”

வெயில் தாழ்ந்து தெரு பொன்னாகக் கிடந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மரைக்காயர் ஒரு கையில் சாவியைப் பிடித்திருந்தார், மறு கக்கத்தில் தலையணையை இடுக்கியிருந்தார். அந்த வீட்டை இவ்வளவு தள்ளி நின்று அவர் பார்த்ததே இல்லை.

“மஃரிப் தொழுகைக்கு நேரமாகுது,” என்றார் ஹஸரத். “சாவியைக் கொடுத்துட்டு எங்கே போகப் போறீங்க?”

“இதென்ன கேள்வி ஹஸரத், நான்…”



பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கால்கள் நாற்காலியைத் தாண்டி நடந்திருந்தன. தெருமுனை வரை வந்து, அவரைக் கேட்காமலே, மகள் ருகையா வீட்டுச் சந்துக்குள் திரும்பியிருந்தன.

“வாப்பா, சாவி?” தமீம் பின்னால் ஓடி வந்து கையை நீட்டினான்.

மரைக்காயர் காதில் அது விழவில்லை. யாரோ கைபிடித்து அழைத்துப் போகும் பிள்ளையின் கால்களைப் பார்ப்பதுபோல, தம் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யா அல்லாஹ்,” என்றார்.