வற்றல் புகை வாக்குமூலம்

தாளிக்கும்போது ஒரு மிளகாய் வற்றல் கருகினாலே வீடு முழுக்கத் தும்முகிறதே, ஒரு கூடை வற்றலைத் தணலில் கொட்டிக் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்?

கொன்றை நாட்டில் அதற்குப் பெயர் விசாரணை. காவல் தலைவர் இடும்பனார் கண்டுபிடித்தது. அந்த அறைக்குள் போனவர்கள் எல்லாரும் உண்மை பேசினார்கள். அதாவது, இடும்பனாருக்குப் பிடித்த உண்மையை.

அன்றைக்கு அவையில் பரிசல்காரன் காத்தான் நின்றான். கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தன. அவன் பரிசலில் ஏறிய வெற்றிலை வியாபாரி தனக்கோடி ஊர் திரும்பவில்லை. தலைப்பாகை மட்டும் ஆற்றில் மிதந்து வந்தது. போதாதா?

"கழுத்தை நெரித்து முதலைக்குப் போட்டதாக ஒப்புக்கொண்டான், மகாராஜா," என்றார் இடும்பனார். "மனம் உருகி அழுதான்."

"புகை தாங்காமல் சொன்னேன் சாமி! அக்கரையில் பத்திரமாக இறக்கிவிட்டேன்," என்றான் காத்தான், தும்மலுக்கு நடுவே.

"சொன்னது சொன்னதுதான். நாளைக்குக் கழுவில் ஏற்றுங்கள்," என்றார் மன்னர்.

அவைப் புலவர் திருமேனி எழுந்தார். இடும்பனார் முகம் சுளித்தார். இந்த ஆள் வாயைத் திறந்தாலே வம்புதான்.

"தலைவரே, உங்கள் திறமையே திறமை! ஆனால் இந்த ஒல்லிக்குச்சி தனியாகவா செய்திருப்பான்? கூட்டாளியோ என்னவோ, ஓர் ஆளைக் கூட்டி வந்திருக்கிறேன். உங்கள் அறையில் கொஞ்சம் உட்கார வையுங்களேன். ஒப்புக்கொண்டால் இரண்டு கழுவாக நட்டுவிடலாம்."

இடும்பனாருக்கு உச்சி குளிர்ந்தது. வாசலில் நின்ற தொந்திக்காரரைத் தரதரவென்று இழுத்துப் போனார். மன்னர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் திரும்பி வந்தார். பின்னாலேயே வந்த நெடியில் அவை மொத்தமும் தும்மியது.

"நானேதான் தனக்கோடியைக் கொன்றேன் சாமி! முதலைக்கும் நானேதான் போட்டேன்!" என்று அலறினார் தொந்திக்காரர்.

"பார்த்தீர்களா?" இடும்பனார் மீசையை முறுக்கினார்.

"அருமை. இவர் பெயர் என்ன, தலைவரே?" என்றார் திருமேனி.

முறுக்கிய கை அப்படியே நின்றது. கொன்றேன் என்று சொல்லிவிட்ட ஆளிடம் பெயரெல்லாமா கேட்பார்கள்?

தொந்திக்காரர் மூக்கைச் சிந்தினார். "தனக்கோடி, சாமி. பேத்திக்குக் காதுகுத்து என்று மகள் வீட்டில் தங்கிவிட்டேன். தலைப்பாகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. ஓர் உயிர் பிழைக்கும், கொஞ்சம் தும்மிவிட்டு வாருங்கள் என்று புலவர் கெஞ்சினார். உள்ளே போனால், முதலை என்னைத் தின்றதே ஞாபகம் வந்துவிட்டது!"

குரலைக் கேட்ட காத்தான் தடவித் தடவி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. காத்தானின் விலங்கை அவிழ்க்கச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டார். "அந்த அறையில் பேசிய பேச்சு இனி என் அவையில் செல்லாது!"

"ஒரே ஒரு சந்தேகம், மகாராஜா," என்றார் திருமேனி. "இதுவரை ஒப்புக்கொண்டவர்களில் நிஜமாகவே தப்பு செய்தவர் யாராவது உண்டா? தலைவரையே உள்ளே உட்கார வைத்துக் கேட்டால்..."

இடும்பனார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மகாராஜா, எதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இங்கேயே சொல்லிவிடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதவை மட்டும் திறக்கச் சொல்லாதீர்கள்!"