கொன்றைப் பூ வந்த வழி

குடிக்க ஆறு ஓடிய ஒரு காட்டில், கும்மாளம் போடுவதற்கென்றே ஒரு குளமும் இருந்தது. ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி, மிதித்து, கரை போட்டு, தண்ணீரைத் திறந்துவிட ஒரு மதகும் வைத்து, கரடி உண்டாக்கிய குளம் அது. கோடையில் மிருகங்கள் எல்லாம் அதில் விழுந்து புரளும். யாராவது "நல்ல குளம்" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவர்களுக்குக் கரடி வீட்டில் தேன் உண்டு.

கரையைப் பார்த்துக்கொள்ள ஓர் உடும்பு இருந்தது. தினமும் காலையில் கரையின் உச்சியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கும். "கரை நல்லா இருக்கு!" என்று கத்தும். பிறகு வெயில் காயப் போய்விடும். கரையின் அடிவாரத்துக்கு அது இறங்கியதே இல்லை. அங்கே சேறு; உடும்புக்கு வயிற்றில் அழுக்குப் படுவது பிடிக்காது.

அந்த அடிவாரத்தில்தான் ஓர் அழுங்கு தன் குட்டியோடு வளையில் குடியிருந்தது. அழுங்கு என்றால் உடம்பெல்லாம் செதில் கொண்ட எறும்புத்தின்னி. மண்ணுக்குள் ஓர் எறும்பு நடந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். பக்கத்து வளைகளில் ஏழு முயல் குடும்பங்கள் இருந்தன.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். அழுங்குக் குட்டி வளையின் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, கரைக்குள்ள யாரோ தண்ணி குடிக்கிறாங்க."

அழுங்கும் காதை வைத்துக் கேட்டது. மடக், மடக் என்று யாரோ விழுங்கும் சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி தொடங்கும். மண்ணுக்குள் யார் இருக்க முடியும்? அழுங்கு குட்டியைச் சுவரிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

விடிந்ததும் வெளியே வந்து பார்த்தது. கரையின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. இத்தனை நாள் அந்த இடத்தில் தெளிந்த தண்ணீர்தான் லேசாகக் கசியும். இன்றைக்குச் செம்மண் கலங்கி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் கரையைத் தின்றுகொண்டு வருகிறது என்று அழுங்குக்குப் புரிந்தது.

அது கரடியிடம் ஓடியது.

"அண்ணே, கரைக்குள்ள சத்தம் கேக்குது. கலங்கல் தண்ணி வருது. மதகைத் திறந்து பாதித் தண்ணியை விட்டுடுங்க."

"நாளைக்கு நீச்சல் போட்டி, தங்கச்சி. சேத்துலயா நீந்தச் சொல்ற? உடும்பு தினமும் பாக்குறான், அவனைக் கேளு."

"கரை நல்லா இருக்கு," என்றது உடும்பு, யாரும் கேட்பதற்கு முன்பே.

ஆனாலும் கரடி சொன்னதால் உடும்பு முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனது. துளையில் களிமண்ணைத் திணித்து, வாலால் நாலு அடி அடித்துவிட்டு வந்தது. கலங்கல் நின்றது. சத்தமும் நின்றது.

அந்த அமைதிதான் அழுங்குக்கு இன்னும் பயமாக இருந்தது. மாலையில் கரையிலிருந்த எறும்புகள் எல்லாம் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அத்தனை எறும்பைப் பார்த்தும் அழுங்குக்கு அன்று பசிக்கவில்லை.

மறுநாள் காலை வளையின் சுவர் ஈரமாக இருந்தது. ஈர மண்ணைத் தள்ளிக்கொண்டு மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. கொன்றைப் பூவின் இதழ். அழுங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. அந்தக் காட்டில் கொன்றை மரம் ஒன்றுதான். அது குளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்க்கரையில் நின்றது. அதன் பூக்கள் குளத்தில்தான் விழும்.

அழுங்கு குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு முயல்களிடம் போய்ச் சொன்னது.

"கரடி அண்ணன் சொல்லட்டும், காலி பண்றோம்," என்றன முயல்கள்.

போட்டிக்கு எல்லா மிருகங்களும் கூடியிருந்தன. முயல்களும் வந்து உட்கார்ந்தன. அழுங்கு நேராகக் கரடியின் முன்னால் போய் நின்றது.

"அண்ணே, கரை பத்திரமா இருக்குல்ல?"

"எத்தனை தடவை சொல்றது? நீங்க எல்லாம் பயப்படாம அங்கேயே இருக்கலாம்."

"சரிங்கண்ணே. என் பிள்ளை விளையாட ஆள் இல்லாம அழுவுது. போட்டி முடியற வரைக்கும் உங்க குட்டியும் எங்க வளைல வந்து இருக்கட்டும்."

கரடிக்குட்டி "நான் போறேன்ப்பா!" என்று அப்பாவின் மடியிலிருந்து துள்ளி இறங்கியது. கரடியின் கை சட்டென்று நீண்டு அதன் பிடரியைப் பிடித்துக்கொண்டது.

"இன்னிக்கு வேண்டாம்."

"ஏங்கண்ணே?"

"அங்க ஈரம். சளி பிடிச்சுக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. முயல்கள் கரடியின் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டியைப் பிடித்திருந்த கையையே பார்த்தன. ஒரு தாய் முயல் எழுந்து, தன் குட்டிகளை எடுத்துவர அடிவாரத்துக்கு ஓடியது. பிறகு மற்ற ஆறும் ஓடின. சற்று நேரத்தில் ஏழு வளைகளும் காலியாகிவிட்டன.

அப்போதாவது கரடி மதகைத் திறந்திருக்கலாம். வீம்பு விடவில்லை. குட்டியைப் பாறைமேல் உட்கார வைத்துவிட்டு, "போட்டி ஆரம்பிக்கலாம்," என்றது. ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. உடும்பு மட்டும் எல்லோருக்கும் தைரியம் சொல்லக் கரைமேல் ஏறி நடந்தது.

மழை இல்லை, காற்றும் இல்லை. நல்ல உச்சி வெயில். குளத்தில் மிதந்த கொன்றைப் பூக்கள் மெல்ல வட்டமாகச் சுற்றத் தொடங்கின. வட்டம் சிறுத்துக்கொண்டே போனது. பூக்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் மறைந்தன. உடும்பின் காலடியில் கரை சத்தமில்லாமல் அமிழ்ந்தது.

தண்ணீர் முழுவதும் போய் முடிந்தபோது வளைகள் இருந்த இடத்தில் வெறும் கல்தான் கிடந்தது. உடும்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் பதில் வரவில்லை.

கரடி குட்டியை அணைத்துக்கொண்டு நின்றது.

"தங்கச்சி, இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்குப் பயம்தான் இருந்துச்சு, அண்ணே. தெரிஞ்சிருந்தது உங்களுக்குத்தான்," என்றது அழுங்கு.

நீதி: ஓர் இடம் பத்திரமானது என்று பிறருக்குச் சொல்லும் முன், அங்கே நம் பிள்ளையை விடுவோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.