பண்ணையாரின் சத்திய ஊசி

இருளாயி நல்லதம்பிப் பண்ணையாரைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் கிண்ணத்துத் தண்ணீரில் ஊசியை மிதக்கவிட்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழப்பத்தை அவர் தலையில் ஏற்றியவள் அவள்தான்.

அவள் அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். ஒருநாள் பண்ணையாரின் மோதிரம் காணாமல் போயிற்று. உடனே சத்திய ஊசி வந்தது. ஊசி மிதக்கும் தண்ணீரை விரலால் தொட வேண்டும். ஊசி மூழ்கினால் தொட்டவர் திருடர். பண்ணையார் முதலில் தொட்டுக் காட்டினார். ஊசி மிதந்தது.

"ஏளா, அழுக்குக் கையோட சத்தியத்தைத் தொடாத. சோப்புப் போட்டுட்டு வா" என்றார். வேலைக்காரர்களுக்கு அவர் வைத்த வழக்கம் அது.

இருளாயி நுரை காயாத விரலால் தொட்டாள். ஊசி மூழ்கியது.

"மூட்டையைக் கட்டு" என்றார் பண்ணையார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோதிரத்தை அவள் கண்ணாலும் பார்க்கவில்லை. அவர் கைக்கும் தன் கைக்கும் வித்தியாசம் சோப்பு ஒன்றுதான்.

"போறேன் ஐயா. ஆனா பண்ணையாரு அழுக்குக் கையோட சத்தியத்தைத் தொட்டாருன்னு நாளைக்கு ஊரு பேசப்படாது பாருங்க."

பண்ணையார் வீம்பாகச் சோப்புப் போட்டு வந்து, புதுத் தண்ணீரில் மிதந்த ஊசியருகே விரலை வைத்தார். ஊசி அடியில் போய்க் கிடந்தது.

"அப்ப மோதிரம் ஐயாகிட்டதான் இருக்கு போல" என்றாள் இருளாயி.

வேலைக்காரர்கள் குனிந்து சிரித்தார்கள். பண்ணையார் பதற்றத்தில் இடுப்பு மடியைத் தடவினார். வெற்றிலைக்கு நடுவே மோதிரம் இருந்தது.

"ஊசி பொய் சொல்லாதுன்னு சொன்னேன்லா" என்றார் அவர், குரல் இறங்கி.

இருளாயிக்கும் தலை சுற்றியது. எடுக்காத அவளுக்கும் ஊசி மூழ்கியதே. ஆனாலும் வேலை நிலைத்தது.

பண்ணையார் சாகும்வரை கழுவிய கையாலும் கழுவாத கையாலும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். அவர் போன மறுநாள் அவள் கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள். ஊசி அடியில் கிடந்தது. பக்கத்தில் சோப்பு பாதி கரைந்திருந்தது.